பங்கு விலை ஏறுது, இறங்குது: ஆபத்து எவ்வளவுன்னு அளக்க முடியுமா?



கிளஸ்டர் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது. "மாசம் 500 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டுல போடச் சொல்றாங்க, போடலாமா?" சில வீடுகளில் பையன் செல்போனிலேயே பங்கு வாங்குகிறான், அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஏஜெண்டைக் கேட்டால் "கொஞ்சம் ரிஸ்க் இருக்கும்க்கா, ஆனா நல்லா வளரும்" என்கிறார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? நம் குழுவில் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஒரு ரூபாய்தான். ரிஸ்கை மட்டும் ஏன் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டும்? அதையும் அளக்க ஒரு வழி இருக்கிறது. நாம் போடுகிற கணக்குதான்.

இரண்டு உறுப்பினர்களை எடுத்துக்கொள்வோம். ஒரு அக்கா மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். ஐந்து மாத வருமானம்: 2,900, 3,100, 3,000, 3,050, 2,950. இன்னொரு அக்கா பூ கட்டி விற்கிறார். முகூர்த்த மாசத்தில் கை நிறையும், மற்ற மாசத்தில் காய்ந்துவிடும். அவர் வருமானம்: 1,000, 6,000, 2,500, 4,500, 1,000. கூட்டிப் பாருங்கள், இரண்டு பேருக்கும் 15,000. சராசரி மாதம் 3,000. ஆனால் மாதம் 2,500 ரூபாய் கடன் தவணை கட்ட வேண்டும் என்றால் யார் தடுமாறுவார்? சொல்லவே வேண்டாம்.

சராசரி ஒன்றாக இருந்தாலும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு மாதமும் 3,000-லிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதில். பால் அக்காவுக்கு விலகல் 100, 100, 0, 50, 50. சராசரி விலகல் 60 ரூபாய். பூ அக்காவுக்கு 2,000, 3,000, 500, 1,500, 2,000. சராசரி விலகல் 1,800 ரூபாய். இந்த விலகல்தான் ஏற்ற இறக்கத்தின் அளவு. படித்தவர்கள் இதிலேயே இன்னொரு படி போவார்கள். ஒவ்வொரு விலகலையும் அதே எண்ணால் பெருக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். பெரிய விலகலுக்குக் கூடுதல் எடை கொடுக்கத்தான் அப்படி. பிள்ளைகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் "திட்ட விலக்கம்" என்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த முறையில் பால் அக்காவுக்கு 71-ம் பூ அக்காவுக்கு 1,975-ம் வரும்.

பங்கு விஷயத்திலும் இதையேதான் செய்கிறார்கள். விலையை அப்படியே எடுக்காமல், தினமும் எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று எடுத்து அதற்கு விலகல் பார்க்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் அந்தப் பங்கு பூ வியாபாரம் மாதிரி, சிறிதாக இருந்தால் பால் மாதிரி.

இந்த ஆட்டம் நிஜத்தில் எப்படி இருக்கும்? சென்செக்ஸ் என்பது மும்பைப் பங்குச் சந்தையில் 30 பெரிய கம்பெனிகளின் விலையைச் சேர்த்துச் சொல்கிற ஒரு எண். 2020 ஜனவரி நடுவில் அது 42,000 பக்கம் இருந்தது. கொரோனா பயம் வந்தது. மார்ச் 23-ந் தேதி ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்து 26,000-க்கும் கீழே போனது. ஜனவரியில் ஒரு லட்சம் ரூபாயை அந்த 30 கம்பெனிகளிலும் அதே அளவில் போட்டவருக்கு அன்று கையில் சுமார் 62,000. அதே வருடம் நவம்பரில் சென்செக்ஸ் மறுபடி 42,000-ஐத் தாண்டியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு லட்சம் மகளின் காலேஜ் ஃபீஸ், மார்ச் கடைசியில் கட்டியாக வேண்டும் என்றால்? 38,000 ரூபாய் போச்சு. நவம்பரில் விலை திரும்பி வந்து அந்தக் குடும்பத்துக்கு என்ன லாபம்? அப்போது அவர்கள் பங்கை விற்றிருப்பார்கள், மீதிக்குக் கந்து வட்டிக்குப் போயிருப்பார்கள். பத்து வருடம் தொட வேண்டியதில்லை என்று போட்டவருக்கு அதே மார்ச் மாதம் ஒரு கெட்ட செய்தி மட்டும்தான். பங்கு ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான், ஆபத்து மட்டும் இரண்டு பேருக்கும் வேறு வேறு. எவ்வளவு ஆடும் என்று கேட்கிறதோடு, பணம் எனக்கு எப்போது தேவை என்றும் கேட்க வேண்டும். ஏஜெண்டுகள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

எப்போதும் எட்டு மாதத்தில் திரும்பி வரும் என்றும் நம்பக் கூடாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், அக்டோபரில் ஒரு கட்டத்தில் 8,000-க்கும் கீழே போனது. மறுபடி 21,000-ஐத் தொட 2010 நவம்பர் ஆனது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 100 ரூபாய் பாதியாகி 50 ஆனால் அது 50 சதவீத நஷ்டம். அந்த 50 திரும்ப 100 ஆக 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும். இறங்குவது சறுக்கு மரம், ஏறுவது வழுக்கு மரம்.

இந்த அளவுகோலை முழுசாகவும் நம்பிவிட முடியாது. இது நடந்து முடிந்த விலையை வைத்துப் போடுகிற கணக்கு, நாளைக்கு நடக்கப் போவது இதற்குத் தெரியாது. 2009 ஜனவரி 7-ந் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார். முந்தின நாள் 179 ரூபாய் இருந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்தது. பொய்க் கணக்கை எந்த விலகல் கணக்கும் முன்கூட்டிக் காட்டவில்லை. எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியில் போடாதே என்பது இதனால்தான். மியூச்சுவல் ஃபண்டில் பல கம்பெனிகளுக்குப் பிரித்துப் போடுவதால் ஒன்று விழுந்தாலும் மொத்தமும் போகாது. ஆனால் 2020 மார்ச் மாதிரி எல்லாம் சேர்ந்து விழும்போது அதுவும் விழும்.

அடுத்தது நம் பெண்கள் அதிகம் ஏமாறுகிற இடம். "பங்கு ஆடும், நம்ம கம்பெனியில ஆடவே ஆடாது, மாசம் பிறந்தா வட்டி வந்துடும்" என்று சொல்லி வருகிறவர்கள். சென்னையில் ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியது. 2022-ல் வழக்கு பதிவானது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொன்னது. வட்டி வந்த மாதங்களை வைத்து விலகல் கணக்குப் போட்டிருந்தால் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே வந்திருக்கும்! பங்குச் சந்தையில் ஆபத்து தினமும் கண் முன்னால் ஆடுகிறது. இங்கே ஆபத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்து ஒரே நாளில் எழுந்து போய்விடுகிறது. ஆட்டம் இல்லாமல் இவ்வளவு வட்டி எப்படி என்று கேட்க வேண்டும். வங்கி டெபாசிட்டும் ஆடாதுதான், ஆனால் அங்கே வட்டி குறைவு, 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை இன்சூரன்சும் உண்டு.

சரி, மியூச்சுவல் ஃபண்டு ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் எதைப் பார்ப்பது? விண்ணப்பத்திலேயே வண்டியின் பெட்ரோல் முள் மாதிரி ஒரு அரைவட்டப் படம் போட்டிருக்கும். பெயர் ரிஸ்கோமீட்டர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பு போடச் சொன்னது. குறைவிலிருந்து மிக அதிகம் வரை ஆறு நிலைகள். பங்கில் போடுகிற ஃபண்டுகளுக்கு அந்த முள்ளை வைக்கும்போது, நாம் மேலே பார்த்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். பங்கு ஃபண்டுகளில் பெரும்பாலும் முள் கடைசிக் கட்டத்தில்தான் நிற்கும். பயப்படவோ உடனே மறுக்கவோ வேண்டாம். பத்து வருடத்துக்குப் பிறகு தேவைப்படுகிற பணமா, அடுத்த தை மாசம் கல்யாணத்துக்கு வேண்டிய பணமா என்று பிரித்துப் பாருங்கள். கல்யாணப் பணத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்கடன் வாங்கிப் பங்கில் போடுகிற யோசனையும் வேண்டவே வேண்டாம். பங்கு இறங்கினாலும் நம் தவணை இறங்காது.

இரண்டு குழுக்களில் "வங்கியில சும்மா கிடக்கிற குழுச் சேமிப்பை இதுல போட்டா என்ன?" என்றும் கேட்டார்கள். அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு உறுப்பினர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 10,000 கேட்டால், அன்றைக்கே எடுத்துக் கொடுக்க வேண்டிய பணம் அது. அந்த வாரம் சந்தை எந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் குழுப் பணம் வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.