மலைப் பயணமும் வளர்ப்பு நாயும்

கோடை விடுமுறை வந்ததும் குடும்பத்துடன் காரில் மலைக்குப் புறப்படுவோர் பலர். பின்பெட்டியில் கூடாரமும் அடுப்பும், கழுத்தில் பைனாகுலர், பின் இருக்கையில் ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு வீட்டு நாய். பயணம் இன்பமானதுதான். ஆனால் பைனாகுலரும் நாயும் ஒரே காரில் ஏறுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது என்னவென்று அறிய, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை ஒருமுறை ஏறிப் பார்ப்போமா?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை சுமார் 2,240 மீட்டர். இடையில் ஏறுவது ஏறத்தாழ 1,900 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றின் வெப்பநிலை குறைகிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி சென்டிகிரேடு என்று கணக்கு. ஆகவே அடிவாரத்திற்கும் உதகைக்கும் சுமார் 12 டிகிரி வேறுபாடு. இந்த 12 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

மேலே போகப் போக உங்கள் கார் சற்று மூச்சு வாங்குவதுபோல் தோன்றும். அது கற்பனை அன்று. உதகையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் செல்லும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அங்கே தண்ணீரும் 100 டிகிரியில் கொதிக்காது. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூடாரத்து அடுப்பில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவில்லையே என்று அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம். பிரஷர் குக்கரைக் கொண்டுபோவதே வழி.

இனி வெளியே பாருங்கள். கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளின் அருகே மயில் அகவும். சாலையோரப் புதர்களில் சாம்பல் காட்டுக்கோழி ஓடி மறையும். ஓடைகளின் பக்கம், பள்ளிச் சிறுவன் ஒருவன் கவலையின்றிச் சீட்டியடித்துப் போவதுபோல் ஓர் ஒலி கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. குன்னூரை நெருங்கும்போது தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும், மயிலைக் காணோம். அதற்கும் மேலே, மலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளில், வேறெங்கும் காண முடியாத ஒரு பறவைக் கூட்டம் வாழ்கிறது. கூட்டமாகச் சேர்ந்து சிரிப்பதுபோல் ஒலியெழுப்பும் நீலகிரிச் சிரிப்பான், இருண்ட தரையில் தத்தித் திரியும் நீலநிறச் சோலைச்சிட்டு, நீலகிரிக் காட்டுப்புறா, மரங்களுக்கு வெளியே புல்வெளியில் நெட்டைக்காலி.

இவை ஏன் இங்கே மட்டும்? குளிர்ந்த மலையுச்சிகள் இவற்றுக்குத் தீவுகள். சுற்றிலும் இருக்கும் வெப்பமான சமவெளியே கடல். நீலகிரிக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலைத்தொடரை இரண்டாக வெட்டுகிறது. வலிய சிறகுடைய பருந்துக்கு 30 கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. சோலையின் நிழலை விட்டு வெளிவராத சிறு பறவைக்கோ அது கடக்க முடியாத தூரம். ஆகவே கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைச்சிட்டு, தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு என இனங்கள் தனித்தனியே பிரிந்துவிட்டன. மரபணு ஆய்வுக்குப் பின் 2017ல் இச்சிட்டுகளுக்கும் இம்மலைச் சிரிப்பான்களுக்கும் இரண்டு புதிய பேரினப் பெயர்களே சூட்டப்பட்டன. நீலகிரிச் சோலைச்சிட்டும் நீலகிரிச் சிரிப்பானும் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கின்றன. இம்மலையில் இடமில்லையென்றால் அவை வேறெங்கே போகும்?

இப்போது பின் இருக்கைக்கு வருவோம். உங்கள் நாய் சாது; பறவையைத் துரத்தியதே இல்லை; கயிற்றில் பிடித்தே நடத்திச் செல்வீர்கள். அப்படியானால் கெடுதல் என்ன?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரையொட்டிய காடுகளில் பேங்க்ஸ், பிரையன்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியை எழுப்பி, 2007ல் விடையை வெளியிட்டனர். சில பாதைகளில் மனிதர் மட்டும் நடந்தனர். சிலவற்றில் நாயுடன் நடந்தனர். சிலவற்றில் எவரும் நடக்கவில்லை. பின்னர் பறவைகளைக் கணக்கெடுத்தனர். எவரும் நடக்காத பாதைகளோடு ஒப்பிட்டால், நாய் சென்ற பாதைகளில் பறவை வகைகள் 35 சதவீதமும் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்திருந்தன. மனிதர் மட்டும் நடந்த பாதைகளில் ஏற்பட்ட குறைவு இதில் பாதிகூட இல்லை. நாய்கள் எல்லாம் கயிற்றில் கட்டப்பட்டிருந்தன என்பதைக் கவனியுங்கள். தினந்தோறும் நாய்கள் நடமாடும் இடங்களிலும் பறவைகள் அதற்குப் பழகிவிடவில்லை. தரையில் திரியும் பறவைகளே அதிகம் விலகிப் போயின.

நாயின் குணம் பறவைக்குத் தெரியாது. நான்கு கால், நீண்ட முகம், தரையை மோப்பம் பிடித்தபடி வரும் நடை: இந்த உருவத்தைத்தான் அது அறியும். நீலகிரிக் காடுகளில் செந்நாயும் நரியும் இதே உருவத்தில்தான் வருகின்றன. உங்கள் வீட்டு மணியை அவற்றிலிருந்து பிரித்தறியக் காத்திருக்கும் பறவை நீண்ட நாள் வாழாது.

பறவை பறந்து போனால் திரும்பி வராதா என்று கேட்பீர்கள். வரும். ஆனால் நாம் மலைக்குப் போகும் ஏப்ரல், மே மாதங்கள்தான் அவற்றின் கூடு கட்டும் காலமும். நெட்டைக்காலி புல்வெளியில் தரையிலேயே கூடு வைக்கிறது. சோலைச்சிட்டு மரப்பொந்திலோ மண்சரிவுப் பொந்திலோ முட்டையிடுகிறது.

முன்பு நினைவில் வைத்த 12 டிகிரியை இப்போது எடுத்துக்கொள்வோம். கோழிமுட்டையை அடைவைக்கும் கருவியில் சுமார் 37 டிகிரி வெப்பம் வைப்பார்கள். மற்றப் பறவைகளின் முட்டைகளுக்கும் ஏறக்குறைய இதே அளவு வெப்பம் தேவை. ஒரு பொருள் குளிரும் வேகம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று நியூட்டன் கூறினார். மே மாத விடியலில் அடிவாரத்தில் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால் முட்டைக்கும் காற்றுக்கும் வேறுபாடு 12. அதே நேரம் உதகைப் பக்கம் 12 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும்; வேறுபாடு 25. தாய் எழுந்து பறந்த மறு நொடியில், மலைமேல் உள்ள முட்டை இரு மடங்கு வேகமாகக் குளிரத் தொடங்குகிறது! முட்டை சிறியதாக இருந்தால் வேகம் இன்னும் அதிகம். இரைதேடத் தாய் எழுந்து போவது இயல்பே. சிறிது நேரக் குளிரைக் கரு தாங்கிக்கொள்ளும். விடியலில் ஐந்தாறு கூட்டத்தார் ஐந்தாறு நாய்களுடன் அதே பாதையில் வந்தால்? அந்தக் கணக்கைத் தாய்ப்பறவை போட்டு வைத்திருக்கவில்லை.

கூடாரத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் தங்குவது குற்றம். அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்திலோ, தோட்ட உரிமையாளரின் இசைவு பெற்றோதான் கூடாரம் அடிக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் அடிக்காதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். குளிர்காலத்தில் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி வெள்ளையாகப் படிவது இதனால்தான். சற்று மேடான சரிவே கதகதப்பானது. மீந்த சோற்றையும் நாயின் தட்டையும் வெளியே விட்டுவைத்தால் அண்டங்காக்கைகள் வந்து சேரும். சோறு தீர்ந்த பிறகு அவை அக்கம்பக்கத்துக் கூடுகளில் முட்டையைத் தேடும்.

நாய்க்கும் மலை ஆபத்தான இடம். மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டத்துச் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் உணவில் எடையளவில் 39 சதவீதம் வீட்டு நாய்களே என்று தெரிந்தது. நீலகிரியிலும் சிறுத்தைகள் ஊருக்குள் வந்து நாயைத் தூக்கிச் செல்வதுண்டு. கூடாரத்துக்கு வெளியே கட்டிப்போட்ட நாய் காவலன் அல்ல, இரை. காரில் பூட்டிவிட்டுப் போவதும் தீர்வல்ல. வெளியே 22 டிகிரி இருக்கும்போதே, வெயிலில் நிற்கும் பூட்டிய கார் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டக்கூடும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றே சூடாகிவிட்டால் அதுவும் பலிக்காது.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறிநோய் ஊசியை எல்லோரும் அறிவோம். ‘டிஸ்டெம்பர்’ என்ற மற்றொரு வைரஸ் நோயை அவ்வளவாக எண்ணுவதில்லை. 1994ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இது கொன்றது; வீட்டு நாய்களிடமிருந்து பரவியதாக ஆராய்ச்சியாளர் கருதினர். 2018ல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிடமும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. செந்நாயும் இந்நோய்க்கு இரையாகும். இரண்டு ஊசிகளும் போடாத நாய் மலையேறக் கூடாது.

அப்படியானால் நாயை வீட்டிலேயே விட்டுவிடுவதா? பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அதுவே மேல் என்பது என் எண்ணம். இல்லையேல் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியலில் இருவர் சோலை ஓரம் போகட்டும். ஒருவர் நாயுடன் கூடாரத்தில் இருக்கட்டும். மறுநாள் முறை மாறட்டும். நாயின் உலாவை ஊர்ச்சாலையில், பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோலைக்குப் போகிறவர் 8x40 என்று குறித்த பைனாகுலரை எடுத்துச் செல்லலாம். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 40 என்பது முன் லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 40ஐ 8ஆல் வகுத்தால் 5. அந்த அளவு அகலமுள்ள ஒளிக்கற்றை கண்ணுக்குள் வரும். 12x25 ஆனால் 2 மில்லிமீட்டர்தான். உருவம் பெரிதாகும், ஆனால் சோலையின் மங்கலில் ஒன்றும் தெரியாது. ஓரிடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒலி வரும், பிறகு தழைக்குள் அசைவு தெரியும். நோட்டில் நேரத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது காரை எந்தக் கியரில் ஏற்றினீர்களோ அந்தக் கியரிலேயே இறக்குங்கள், பிரேக் சூடேறாது. வழியில் வண்டியை ஒதுக்கமாக நிறுத்தும் இடங்களிலும் குறிப்பைத் தொடருங்கள். சிரிப்பானின் ஒலி எந்த உயரத்தில் நின்றுபோகிறது, மயிலின் குரல் எந்த உயரத்தில் மீண்டும் தொடங்குகிறது என்பதை உங்கள் நோட்டே காட்டும்.