கடல் கடந்து தரிசனம்: பையில் வைப்பவையும் விட்டுச் செல்பவையும்

தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த சிற்றூர் தருவைகுளம். இவ்வூரின் விசைப்படகுகள் பல, காலையில் சென்று மாலையில் திரும்புபவை அல்ல. ஆழ்கடலில் பல நாள்கள் தங்கித் தொழில் செய்பவை. புறப்படுமுன் டீசல், பனிக்கட்டி, குடிநீர், அரிசி, பலசரக்கு ஆகிய அனைத்தும் கணக்கிட்டு ஏற்றப்படும். கரை மறைந்தபின் கடை இல்லை. மறந்ததை எடுத்துவர வழியும் இல்லை. படகில் தொழிலுக்கே இடம் போதாத நிலையில், தன் சொந்தத்துக்கென்று ஒருவர் கொண்டு செல்லக்கூடியது ஒரு சிறு பை மட்டுமே. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

கடல்வழித் தலயாத்திரை செல்ல விரும்பும் பெரியோர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே.

இக்கடற்கரைக்கும் ஈழத்துக்கும் இடையே கடல்வழிப் போக்குவரத்து பழைமையானது. வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்துக்காகவே. 2011 ஜூன் மாதத்தில் அதே வழியில் மீண்டும் தொடங்கிய பயணியர் கப்பல், அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு வழி திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியாபாணி’ கப்பலும், 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ கப்பலும் இவ்வழியில் பயணத்தைத் தொடங்கின. ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவை நான்கு மணி நேர அளவில் கடந்துவிடலாம். சென்னையிலிருந்து 2022ஆம் ஆண்டு தொடங்கிய ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல், 2023 ஜூன் மாதம் காங்கேசன்துறைக்கும் சென்றது.

திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தவாறே திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடிப் பரவினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அக்கரையில் உறையும் இறைவனை இக்கரையிலிருந்தே தொழுத மரபு நம்முடையது. நேரில் சென்று தொழும் வாய்ப்பு வாழ்நாளின் பிற்பகுதியில் கிட்டும்போது, ஒரு மாத்திரை அட்டையை மறந்த காரணத்தால் அது கைநழுவலாகாது.

தம் பையைத் தாமே அடுக்குதல்

இன்று பெரும்பாலான வீடுகளில் பெரியவர்களின் பயணப்பையை அடுக்குபவர்கள் பிள்ளைகளே. மகனோ மருமகளோ அன்புடன், இடம் விடாமல், அழகாக அடுக்கித் தருகிறார்கள். ஆனால் கப்பலில் அவர்கள் உடன் இருப்பதில்லை. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவருக்கு நடுக்கடலில் தலை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை எந்தப் பையில், எந்த அறையில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. உடன் வந்த மனைவிக்கும் தெரியாது. பெரிய பெட்டியோ சரக்குப் பகுதியில் இருக்கிறது. பொருள் இருந்தும் பயன் இல்லை.

ஆகவே, பிள்ளைகள் பட்டியல் எழுதித் தரட்டும். கடைக்குச் சென்று வாங்கித் தரட்டும். பையில் வைக்கும் கை மட்டும் பயணம் செய்பவருடையதாக இருக்கட்டும். தம்மால் தூக்க முடிந்த எடையே அப்பைக்கு எல்லை.

கைப்பையில் இருக்க வேண்டியவை

சொகுசுக் கப்பல்களில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே பெற்றுக்கொள்கிறார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். எனவே அன்றைய மருந்து, ஒரு மாற்றுடை, கண்ணாடி, செவிக்கருவியின் மின்கலம் ஆகியவை தோளில் தொங்கும் பையிலேயே இருத்தல் வேண்டும்.

மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்வது நலம். வானிலை காரணமாகக் கப்பல் தாமதப்படுவது இக்கடலில் இயல்பு. மாத்திரைகளை உதிர்த்து டப்பாவில் போடாமல், பெயர் அச்சிட்ட அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் வைத்திருந்தால் சுங்கச் சோதனையில் தொல்லை இராது. தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரின் கடிதத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும். இன்சுலினை வெயில் படாமல் குளிர்காப்புப் பையில் வைக்க வேண்டும். பனிக்கட்டியோடு நேரடியாகப் படவும் விடக்கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

கடல் குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்தபின் விழுங்குவதைவிட, கப்பல் புறப்படுமுன்பே உட்கொள்வது பலன் தரும். ஆயினும் அவற்றுட் பல உறக்கத்தை வரவழைப்பவை. கண் நீர் அழுத்தமோ புரோஸ்டேட் தொல்லையோ உடையவர்களுக்குச் சில ஒவ்வாதவை. மருத்துவரைக் கேட்காமல் எடுத்தல் ஆகாது. கப்பலின் நடுப்பகுதியில் அமர்ந்து, தொலைவில் தெரியும் தொடுவானத்தை நோக்கியிருந்தாலே பலருக்குக் குமட்டல் தணியும்.

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதன் நகல் ஒன்று மனைவியின் பையிலும், மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். நுழைவு அனுமதி விதிகளும், கப்பலில் அனுமதிக்கும் பெட்டி எடையும் அவ்வப்போது மாறுபவை. பயணச்சீட்டு எடுக்கும் நாளில் கேட்டறிந்து குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி கடலில் ஒலிக்காது போகலாம். வீட்டார், மருத்துவர், தங்குமிடம் ஆகியோரின் எண்களையும், இரத்த வகையையும், நோய் விவரத்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தல் அவசியம்.

பணம் பற்றி ஒரு சொல். இந்தியாவில் வசிப்பவர் இலங்கைக்குச் செல்லும்போது இந்திய ரூபாய்த் தாள்களாக ரூ.25,000 வரையே கொண்டு செல்லலாம். எஞ்சிய செலவுக்கு உரிமம் பெற்ற இடத்தில் நாணயம் மாற்றி, இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக அயல்நாட்டில் செல்லாது. வயதையும் நோயையும் மறைக்காமல் கூறி, பயணக் காப்பீடு தனியே எடுப்பதே முறை.

பூஜைப் பொருள்கள்

நாள்தோறும் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிப் பழகியவர்களுக்குக் கப்பலில் நேரும் சங்கடம் இதுதான்: சொகுசுக் கப்பல்களில் தீபம், கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி எதற்கும் அனுமதி இல்லை. மின்கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் அவ்வாறே. கடலில் கப்பலுக்கு நெருப்பைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. எனவே இத்தடையை மனக்குறையாகக் கருத வேண்டியதில்லை.

விபூதி, குங்குமம், சிறு படம், ஜபமாலை, பெரிய எழுத்தில் அச்சிட்ட தேவாரமோ திருப்புகழோ ஒன்று, இவை போதும். விபூதியைக் கடைப் பொட்டலமாகவே, முத்திரை பிரிக்காமல் எடுத்துச் சென்றால் சோதனையில் விளக்கம் கூற வேண்டியிராது. தேங்காய், பழம், பூ, துளசிச் செடி, விதை ஆகியவை பிற நாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. அர்ச்சனைப் பொருள்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ கப்பல் ஏறுவோர் கசகசாவும், அது கலந்த மசாலாப் பொடியும் பையில் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். நம் சமையலறையில் இருக்கும் அந்தச் சிறு விதை, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள்.

உடையும் காலணியும்

ஈழத் திருத்தலங்களே நம் பெட்டியின் சுமையைக் குறைத்துவிடுகின்றன. நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆடவர் மேலாடை களைந்தே உட்செல்ல வேண்டும். ஆகவே சட்டைகளைக் குறைத்து, விரைவில் உலரும் வேட்டியும் துண்டும் கூடுதலாக வைக்கலாம். கீரிமலைத் தீர்த்தம் கடலோரத்தில் ஊறும் நன்னீர்ச் சுனை. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் நீராடி நலம் பெற்றதாகத் தலவரலாறு கூறும் இவ்விடத்தில், ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குக் கடன் ஆற்றுவோர் திரளாக நீராடுவர். இங்கே நனையும் உடைக்கென ஒரு நீர்புகாப் பை தேவை. மகளிர்க்கு நீராடுவதற்குக் கனத்த பட்டு உதவாது. பருத்திச் சேலையே பொருத்தம்.

நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கக் குறிகட்டுவானிலிருந்து மீண்டும் படகு ஏற வேண்டும். பெரிய பெட்டி வைத்திருப்பவர் அங்கே அதைக் காப்பதற்கே ஆள் தேட நேரும். காலணி வழுக்காத அடிப்பகுதி உடையதாக, ஏற்கெனவே பழகியதாக இருத்தல் வேண்டும். வீட்டில் கைத்தடி ஊன்றாதவரும் ஆடும் தளத்தில் ஒன்றை வைத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

விட்டுச் செல்பவை

இதே மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள், ஆழம் சேர்க்கும் ஒரு கல்லும், மேலிருப்பவர் பிடித்த ஒரு கயிறும், சிப்பி சேர்க்கும் ஒரு வலைப்பையும் மட்டுமே கொண்டு இறங்கினார்கள். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. வெறும் பையோடு இறங்கியவரே நிறைந்த பையோடு ஏறினார்.

யாத்திரிகருக்கும் அது பொருந்தும். தங்க வளையல்கள், பத்து நாளைக்குப் பத்துப் புடவை, ஒரு மாதத்துக்கான முறுக்கு ஆகியவை வீட்டிலேயே இருக்கலாம். பையில் கால் பங்கு காலியாக இருந்தால்தான் நல்லூர்ப் பிரசாதமும் கீரிமலைத் தீர்த்தக் குப்பியும் அதில் இடம்பெறும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, பைகளை மூடிய பின் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பையைத் தோளில் மாட்டி, பெட்டியைக் கையில் எடுத்து, யாருடைய உதவியும் இன்றி வீட்டு மாடிப்படியில் பத்துப் படிகள் ஏறி இறங்க வேண்டும். பின்னர் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கைவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இயன்றால் கப்பல் ஏறலாம். மூச்சு வாங்கினால், பெட்டியைத் திறந்து இன்னும் இரண்டு பொருள்களை அலமாரியிலேயே வைத்துவிடுவது நலம்.