கொள்ளைக்காரன் ரத்னாகரனும் மாலோ ஊர்ப் போக்கிரிகளும்

கொல்கத்தாவில் ஐரிஷ் திருவிழா ஏதாவது நடக்குமா என்று சென்னையிலிருந்து தோழி கேட்டாள். மார்ச் 17, புனித பாட்ரிக் நாள், பச்சைத் தொப்பி, கன்னத்தில் மூவிலைச் சாயம், இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பாள். நடக்கிறது, ஆனால் மே மாதத்தில், தெருமுனை மேடையில், நடத்துகிறவர்களே அதை அப்படி நினைப்பதில்லை என்றேன். நான் விளையாடுகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

நான் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறேன். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுப்பது பிழைப்பு. வைசாகம் 25, தாகூரின் பிறந்தநாள் நெருங்கினால் எங்கள் பாடாவில், அதாவது எங்கள் பேட்டையில், மூங்கில் நட்டுத் துணி கட்டி மேடை போட்டுவிடுவார்கள். மாடி வீட்டு மாஷிமாதான் (மாஷிமா என்றால் சித்தி) ஒத்திகைக்கு அதிகாரி. ஹார்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பாட வைப்பார். தாகூரின் இசை நாடகம் ‘வால்மீகி பிரதிபா’ போடும் வருஷங்களில் பையன்களுக்குள் அடிதடி. எல்லோருக்கும் கொள்ளைக்காரன் வேஷம் வேண்டும்.

வால்மீகியாவதற்கு முன்பு ரத்னாகரன் என்ற கொள்ளைக்காரன். காளிக்குப் பலி கொடுக்க அவன் ஆட்கள் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து வருகிறார்கள். அதைப் பார்த்து வனதேவதைகள் ‘மரி ஓ காஹார் பாச்சா’ என்று இரங்கிப் பாடுகிறார்கள். கேட்கிற பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த மெட்டு அயர்லாந்திலிருந்து வந்தது. டப்ளினில் மளிகைக்கடைக்காரருக்குப் பிறந்த தாமஸ் மூர், 1808-இல் வெளியிடத் தொடங்கிய ‘ஐரிஷ் மெலடீஸ்’ தொகுப்பின் ‘கோ வேர் குளோரி வெயிட்ஸ் தீ’ என்ற பாட்டு.

இதன் பின்கதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஒரு சபா விழா இருக்கிறது. அயர்லாந்தின் பழைய யாழ் வாசிப்பாளர்களை ஆதரித்த பிரபுக் குடும்பங்கள் நொடித்துப்போக, அந்தக் கலை வீட்டுத் திண்ணையிலேயே சாகும் நிலைக்கு வந்தது. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் ஊர்க்காரர்கள் மிச்சமிருந்தவர்களைக் கூட்டி ஒரு விழா நடத்தினார்கள். வந்த ஐரிஷ் கலைஞர்கள் பத்தே பேர். பலருக்குக் கண் தெரியாது. தொண்ணூறு வயதைத் தாண்டிய டெனிஸ் ஹெம்ப்சன், நீள நகத்தால் கம்பித் தந்தியைச் சுண்டி வாசிக்கும் பழைய முறையை விடாமல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஸ்வரப்படுத்தி எழுத எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயது ஆர்கன் வாசிப்பாளரை அமர்த்தினார்கள். ஊரில் அப்போது இருந்த புரட்சிக்காரர் உல்ஃப் டோனுக்கு இந்த மீட்டல் அலுத்துப்போயிற்று, நாட்குறிப்பில் சலித்துக்கொண்டிருக்கிறார். தேசபக்தி வேறு, காது வேறு.

பன்டிங்கின் புத்தகம் 1796-இல் வந்தது. அதிலிருந்து மூர் ஏராளமான மெட்டுகளை எடுத்து, தனக்கேற்ப வளைத்து, ஆங்கிலச் சாகித்தியம் போட்டார். பன்டிங்குக்குக் கோபம். மூருக்குப் புகழ். கல்கத்தா வீடுகள்வரை அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

ஜோராசாங்கோ மாளிகையில் சிறுவன் ரவீந்திரன் அதை முதலில் கேட்டது பாட்டாக அல்ல. குடும்ப நண்பர் அக்ஷய சௌதுரி உணர்ச்சி பொங்க வாசிப்பார். புத்தகத்தில் யாழின் படம் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே அயர்லாந்து ஒன்றைத் தன் மனதில் கட்டிக்கொண்டதாகத் தாகூர் ‘ஜீவன்ஸ்மிருதி’யில் எழுதியிருக்கிறார். பிறகு இங்கிலாந்து போய் அந்தப் பாட்டுகளை நிஜமாகவே கற்றுக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தன, ஆனால் மனதுக்குள் ஒலித்த யாழோடு அவை சேரவில்லை. ஊர் திரும்பிப் பாடிக் காட்டினால், ரவியின் குரலே அந்நியமாகிவிட்டதே என்று வீட்டார் சொன்னார்களாம்.

அந்தக் குரலோடுதான் 1881-இல் ‘வால்மீகி பிரதிபா’வை எழுதி, தானே வால்மீகியாக நடித்தார். அவருக்கும் அப்போது வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டு எழுதிய ‘கால்மிருகயா’வில் ‘ராபின் அடேர்’ மெட்டு இருக்கிறது. அதுவும் ஒரு பழைய ஐரிஷ் காதல் பாட்டிலிருந்து பிரிந்ததுதான். மூரின் மெட்டை அவர் லேசில் விடவில்லை. 1888-இன் ‘மாயார் கேலா’வில் வரும் ‘ஆஹா ஆஜி ஏ பொஷொந்தே’, வங்காளிகள் வசந்தம் வந்ததும் முணுமுணுக்கிற பாட்டு, அதே மெட்டுதான்.

இதை மாஷிமாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. “குருதேவ் தொட்டபிறகு அது ரவீந்திர சங்கீதம். உங்கள் பாகவதர்கள் மட்டும் கடனே வாங்கியதில்லையா, மா?”

வாங்கியிருக்கிறார்கள், மாஷிமா! தாகூருக்கு முக்கால் நூற்றாண்டு முந்தியே வாங்கியிருக்கிறார்கள். மணலி முதலியாரின் ஆதரவில் இருந்த இளம் முத்துசுவாமி தீட்சிதர், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நாற்பதையொட்டி இருக்கும் அந்த நோட்டுஸ்வரங்களில் ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு என்பது பலருக்குத் தெரியும். ‘வந்தே மீனாக்ஷி’ எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. மாலோ, கார்க் மாவட்டத்து ஊர். அங்கே குடித்துக் கூத்தடித்துக் காசைத் தொலைத்த போக்கிரிப் பிள்ளைகளைப் பற்றிய பாட்டு அது. நாங்கள் அதைக் கமகமில்லாமல், சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் நேராக, குழந்தைகளுக்கு முதல் பாடங்களோடு சொல்லித்தருகிறோம். அம்பாள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

டப்ளினும் பதிலுக்கு வாங்கிக்கொண்டது. ஐரிஷ் கவிஞர் ஏட்ஸ் தாகூரின் ‘கீதாஞ்சலி’க்கு முன்னுரை எழுதிய கதை எல்லோரும் அறிந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1913 மே 17. அன்று டப்ளின் அபே தியேட்டரில் தாகூரின் ‘டாக்கர்’, அதாவது ‘அஞ்சலகம்’, ஆங்கிலத்தில் மேடையேறியது. கூடவே பாட்ரிக் பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதிய நாடகமும். பியர்ஸ் நடத்திய பள்ளிக்கு நிதி திரட்டத்தான் அந்த நிகழ்ச்சி. மூன்றே ஆண்டில் ஈஸ்டர் எழுச்சியின் தலைவராகப் பியர்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜோராசாங்கோவில் தாகூரும் நடிக்க ‘டாக்கர்’ நடந்தது 1917-இல்தான்.

பாட்டு போன வழியில் போராட்டமும் வந்தது. லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மெட்ரோ நிலையங்களில் ஒன்று ஜதீன் தாஸ் பார்க். லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929-இல் இறந்த கல்கத்தா இளைஞர் அவர். அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன் 74 நாள் பட்டினி கிடந்து உயிர்விட்டவர் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி. ஜதீன் இறந்ததும் மக்ஸ்வினி குடும்பத்திலிருந்து தந்தி வந்தது. இதே நகரில் புரட்சிக்காரர்களை வேட்டையாடிய போலீஸ் கமிஷனர் சார்லஸ் டெகார்ட்டும் ஐரிஷ்காரர்தான், டெர்ரியில் பிறந்தவர். நம் பாரதி குருவாக வரித்த நிவேதிதாவும் அயர்லாந்தின் டங்கனனில் பிறந்து பாக்பஜாரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். தமிழருக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே இங்கே முறைப்படி ஒரு ஐரிஷ் விழா நடத்துவதென்றால், பச்சைத் தொப்பிகளை வாங்காமல் திரையைக் கட்டலாம். முதலில் சத்யஜித் ராயின் 1961 ஆவணப்படம் ‘ரவீந்திரநாத் தாகூர்’. அதில் ‘வால்மீகி பிரதிபா’வின் காட்சி ஒன்றை ராய் நடிக்க வைத்தே காட்டுகிறார். (‘சாருலதா’வில் ஊஞ்சலாடியபடி வரும் ‘ஃபூலே ஃபூலே’யையும் போடச் சொல்வார்கள். அது ஸ்காட்லாந்து மெட்டு, வேறு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.) அடுத்து ‘தி கொயட் கேர்ள்’, 2022-இல் கோல்ம் பரேட் இயக்கியது. ஐரிஷ் மொழியில் பேசும் படம் ஒன்று சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பிடித்தது அதுதான் முதல் தடவை. பேச்சு குறைவு, பக்கத்து வீட்டுக்காரர்கள் குறுக்கே பேசினாலும் கதை புரியும்.

கடைசியில் ஜான் ஃபோர்டின் ‘தி கொயட் மேன்’, 1952. ஜான் வெய்ன் அயர்லாந்துக் கிராமத்துக்குத் திரும்பி வந்து மைத்துனனோடு ஊரே பார்க்க அடித்துக்கொள்ளும் படம். பெண்ணைத் தரதரவென்று வயலில் இழுத்துப்போகும் காட்சி இன்று பார்க்க எனக்குக் கூசுகிறது. ஆனாலும் அதன் பின்னணி இசையில் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ துள்ளி வருகிறது. என் வகுப்புப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, யார் முதலில் ‘மீனாக்ஷி!’ என்று கத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மாஷிமாவிடம் திட்டத்தைச் சொன்னேன். புரொஜெக்டர் வாடகைக்கு வீடுவீடாகச் சந்தா வசூலிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே ஒரு நிபந்தனையும் வைத்தார்: விழா அயர்லாந்துடையதாக இருக்கலாம், தொடக்கப் பாட்டு வங்காளத்துடையதாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பாட்டு என்று கேட்டேன்.

“வேறென்ன? ‘ஆஹா ஆஜி ஏ பொஷொந்தே’தான்.”