ஃபலூடா கிளாஸில் 50 கிராம்

கோடை வந்துவிட்டால் லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்ப்ளி ஈலிங் ரோடு என்று நம் கடைத்தெருக்களில் ஃபலூடா ஓடத் தொடங்கிவிடும். ஒரு கிளாஸைப் பிரித்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்: ரோஸ் சிரப் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 20 கிராம். பால் 200 மில்லி, அதன் இயல்புச் சர்க்கரை 9. சேமியா 15 கிராம், மாவுச்சத்து 11. மேலே வைக்கும் வெனிலா ஐஸ்கிரீம் 50 கிராம், சர்க்கரை 10. ஜெல்லியைச் சேர்க்காமலே 50 ஆகிவிட்டது. அந்தக் கிளாஸில் குற்றமற்றது சப்ஜா விதை மட்டும்தான்.

பாலின் சொந்தச் சர்க்கரை போக, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனின் அரசு அறிவுரை. சிரப்பும் ஐஸ்கிரீமுமே அதை ஏறக்குறைய முடித்துவிடுகின்றன.

ஆனாலும் பழியெல்லாம் ஐஸ்கிரீமின் தலையில் விழுவது நியாயமில்லை. 1981இல் டேவிட் ஜென்கின்ஸ் குழு வெளியிட்ட முதல் கிளைசெமிக் பட்டியலில் (உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற அளவு) குளுக்கோஸ் 100, வெள்ளைச் சோறு 72, ஐஸ்கிரீம் 36. கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதால் சர்க்கரை சற்று நிதானமாக ஏறுகிறது. (பின்னால் வந்த பட்டியல்களில் பிராண்டுக்கு ஏற்ப இது 60ஐத் தொட்டதும் உண்டு.) அளவையும் பாருங்கள்: ஒரு கரண்டி ஐஸ்கிரீமில் மொத்த மாவுச்சத்து 12 கிராம்; அதற்கு முன் சாப்பிட்ட 200 கிராம் சோற்றில் 56.

இந்தக் கணக்கு நமக்குக் கூடுதலாகவே தேவை. சௌத்ஹால், பிரெண்ட் பகுதிகளில் 1988இல் தொடங்கிய சேப்ர் ஆய்வின்படி, 80 வயதுக்குள் நீரிழிவு வரும் தெற்காசியரின் விகிதம் வெள்ளையரைப் போல இரு மடங்கு.

காசுக் கணக்கும் உண்டு. பிரிட்டனில் ஐஸ்கிரீமுக்கு 20% வாட். 3 பவுண்டு டப்பாவில் 50 பென்ஸ் வரி. பால், தயிர், மாம்பழத்துக்கு வரி பூஜ்யம். அதற்காக வீட்டில் குல்ஃபி செய்கிறேன் என்று 397 கிராம் டின்பாலை உடைத்தால், உள்ளே சுமார் 218 கிராம் சர்க்கரை. 8 அச்சில் ஊற்றினாலும் ஒன்றுக்கு 27. வரி மிச்சம், சர்க்கரை மிச்சமில்லை. கெட்டித் தயிரையும் பழுத்த மாம்பழத்தையும் அடித்து உறையவைப்பதே மேல். மால்டிட்டால் போட்ட ‘சுகர் ஃப்ரீ’ வகையும் சர்க்கரையை ஓரளவு ஏற்றத்தான் செய்யும். அதிகம் தின்றால் வயிற்றையும் கலக்கும்.

என் தீர்ப்பு: சோற்றைப் பாதியாக்கி, சாப்பாட்டுக்குப் பின் கப்பில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ஃபலூடா என்றால் ஒரு கிளாஸுக்கு மூன்று ஸ்பூன், மூன்று பேர். டைப் 2 உள்ளவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள், 8.5 mmol/Lக்குக் கீழே இருக்க வேண்டும். ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போனில் சொல்வதென்றால் 18ஆல் பெருக்குங்கள், 153 mg/dL. கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றைக் குறைக்குமுன் ஜிபியிடமோ டயபடீஸ் நர்ஸிடமோ கேட்டுவிடுங்கள். சர்க்கரை 4க்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து உண்டு.