கல்லீரலின் காவல் செல்களும் நுண்குமிழி ஸ்கேனும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து எம்மிடம் வருவோரில் சிலருக்கு, வழக்கமான வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கட்டி தென்படுவதுண்டு. அது புற்றுநோயோ என்னும் அச்சம் குடும்பத்தினரை வாட்டுகிறது. எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல; இரத்தநாளக் கட்டி போன்ற தீங்கற்றவையும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய உதவும் சோதனைகளுள் ஒன்று, நுண்குமிழி மருந்து செலுத்திச் செய்யப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

கைநரம்பில் ஊசிவழியாகச் செலுத்தப்படும் இம்மருந்தில், மெல்லிய கொழுப்புறை போர்த்த வாயுக் குமிழிகள் உள்ளன. அவை இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. ஒலியலை பட்டதும் அதிர்ந்து வலுவாக எதிரொலிப்பதால், அவை இருக்கும் இடம் திரையில் வெண்மையாக ஒளிரும்.

பாகூர் ஏரி நீர் வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களில் பாய்வதுபோல, குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலின் நுண்குழாய்களில் பரவுகிறது. அக்குழாய்ச் சுவர்களில் குப்ஃபர் செல்கள் காவல் நிற்கின்றன. ஜெர்மானிய அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் வான் குப்ஃபர் 1876இல் விவரித்த இச்செல்கள், கிருமிகளையும் பழுதடைந்த அணுக்களையும் விழுங்கி அகற்றுபவை.

ஜப்பானில் 2007 முதல் பயன்பாட்டிலுள்ள சோனசாய்டு என்னும் மருந்தின் குமிழிகளையும் இவை அவ்வாறே விழுங்குகின்றன. ஏறத்தாழ 10 நிமிடங்களுக்குப் பின்னும் நலமான கல்லீரல் பகுதி வெண்மையாகவே இருக்கும். குப்ஃபர் செல்கள் அற்ற புற்றுக்கட்டி கருநிழலாகத் தோன்றும். சோனோவியூ என்னும் மற்றொரு மருந்தோ இரத்தக்குழாய்களுக்குள்ளேயே தங்குவது. அதனைச் செலுத்தினால், கட்டிக்குள் இரத்தம் எவ்வாறு நுழைந்து வடிகிறது என்பதை மருத்துவர் கவனிப்பார்.

கருநிழல் தெரிந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்டலாகாது. தொடக்கநிலைப் புற்றில் குப்ஃபர் செல்கள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், நிழல் இல்லை என்று நிம்மதி கொள்ளவும் இயலாது. எனவே சி.டி., எம்.ஆர்.ஐ., சிலவேளை திசுச் சோதனையும் தேவைப்படும்.

குமிழிகளின் வாயு மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடுவதால், சிறுநீரகத்திற்குச் சுமையில்லை. முட்டை ஒவ்வாமை, இதயநோய், முன்னர் ஏதேனும் மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவை இருப்பின், ஊசி போடுமுன் தெரிவியுங்கள்.

கல்லீரல் சுருக்கநோய் உள்ளோர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். சிறு கட்டி பெரும்பாலும் வலி தருவதில்லை. வலி வரும்வரை காத்திருந்தால், குணப்படுத்தும் வாய்ப்பு குறைந்துவிடும். நடவோ அறுவடையோ எதுவாயினும், குறித்த நாளைத் தள்ளிப்போட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.