‘ஃபீல்டுன்னா சகஜம்’ இல்லை

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டக் களப்பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. 1992இல் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். ஊர் அவரை ஒதுக்கியது. அவர் குடும்பம் செய்த மண்பானையைக்கூட வாங்க மறுத்தது. செப்டம்பரில், வயலில் சிலர் கணவரைத் தாக்கிவிட்டுத் தன்னைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று புகார் கொடுத்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. இதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 1997இன் விசாகா தீர்ப்பும், பிறகு 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தன.

ஊர் ஒதுக்கிய நாளிலேயே அவரை அனுப்பிய நிர்வாகம் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். இன்றும் குழந்தைத் திருமணம், குடும்ப வன்முறை, குழந்தை மீட்பு என்று வீடு வீடாகப் போகிறவர்களிடம், “ஃபீல்டுன்னா இதெல்லாம் சகஜம்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அடி வாங்குவது யாருடைய வேலையிலும் சேராது.

குழந்தையைப் பிரித்து அழைத்துவரும் நாளில் தனியாகப் போகாதீர்கள். போலீஸ் துணை கேளுங்கள். போகிற முகவரியும் திரும்பும் நேரமும் அலுவலகத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். நேரம் தாண்டினால் அவர் கூப்பிட வேண்டும்; எடுக்காவிட்டால் உடனே 112. அந்த வீட்டில் வாசலை ஒட்டி உட்காருங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம். வண்டியைத் தெருவைப் பார்த்து நிறுத்துங்கள். குரல் உயர்ந்தால் பாதியில் எழுந்து வந்துவிடலாம். அதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்கக் கூடாது.

“வெட்டிடுவேன்” என்று மிரட்டுவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் குற்றம். கொலை மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினால் 132ஆம் பிரிவு இருக்கிறது. தொண்டு நிறுவன ஊழியருக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது. மிரட்டல், காயம் ஏற்படுத்துதல் பிரிவுகளில்தான் புகார் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாடு நியாயமில்லை என்றே நினைக்கிறேன். இருவரும் தட்டுவது ஒரே கதவைத்தான்.

பெண் ஊழியர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 சட்டப்படி, வேலை நிமித்தம் போகிற வீடும் பணியிடமே. அங்கே பாலியல் சீண்டல் நடந்தால், செய்தவர் வெளியாள் என்று நிறுவனம் ஒதுங்க முடியாது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் போலீஸ் நடவடிக்கைக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை. உள் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். 10 பேருக்குக் குறைவான நிறுவனமென்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.