தீர்ப்பு (டாரட் சீட்டு)

தீர்ப்பு என்பது 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டில், பெரும் அர்க்கானா எனப்படும் 22 சீட்டுகளுள் 20 என்ற எண்ணுடைய சீட்டாகும். இது கிறித்தவ சமயம் கூறும் இறுதித் தீர்ப்பு நாளைச் சித்திரிக்கிறது. 1909-இல் இலண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டுக்காகப் பமேலா கோல்மன் சுமித் வரைந்த படத்தில், வானதூதர் ஒருவர் எக்காளம் ஊத, ஆணும் பெண்ணும் குழந்தையும் கல்லறைகளிலிருந்து எழுகின்றனர்.

இப்படத்தில் நீதிபதி இல்லை. தராசும் வாளும் 'நீதி' என்னும் வேறொரு சீட்டுக்கு உரியவை. குறி பார்ப்போர் பலர் இச்சீட்டைத் தண்டனையின் அறிகுறியாகக் கொள்வதில்லை. ஒருவர் தம் கடந்தகாலச் செயல்களை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் தாமே எடைபோட்டு, குற்றவுணர்விலிருந்து மீண்டு, புதிதாகத் தொடங்குவதையே இது குறிக்கும் என்பர். சீட்டு தலைகீழாக விழுந்தால், உண்மையை எதிர்கொள்ளத் தயங்குவதையோ, அளவுக்கு மீறித் தம்மையே பழித்துக்கொள்வதையோ சுட்டுவதாகக் கருதுவர்.